இரண்டு விரல் இடைவெளி

2004 அக்டோபர் 12, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து நாற்பது. கொட்டும் மழையில், எங்கள் வழித்தடத்தின் பதினொன்றாம் எண் கோன்ச்சோ, அதாவது வழியெல்லாம் ஆள் சேர்த்து ஓடும் வாடகைக் கார், எனக்காக நிற்கவில்லை. கையை உயர்த்தினேன். ஓட்டுநர் எலிஹியோ தவேராஸ் என்னைப் பார்த்தார், கையால் ஒரு சைகை செய்தார், போய்விட்டார். சாந்தியாகோ நகரத்துப் பிள்ளைகளுக்கு முப்பத்தோர் ஆண்டுகள் இலக்கணம் கற்பித்த ஒருவன் தெருமுனையில் முழங்கால்வரை நனைந்து நின்றான்.

இதுவே என் குறை. இதில் ஒரு சொல்லும் பொய்யன்று. இந்தக் குறையை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் எழுதக் கை கூசுகிறது. எனினும் எழுதுகிறேன்.

அதே மாலை, ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், எங்கள் பேட்டைச் சிற்றாலயத்தின் மணி களவு போயிற்று. உத்திரம் பழுதுபார்ப்பதற்காகக் கீழே இறக்கி முற்றத்தில் வைத்திருந்த வெண்கல மணி. எங்கள் ஊர்க் கணக்கில் மூன்று குவிண்டால், அதாவது முந்நூறு பவுண்டு எடை. மறுநாள் காவலர்கள் வீடு வீடாகக் கேட்டு வந்தபோது, நான் தாள் எடுத்து, ஒன்றரைப் பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்:

'மேற்படி வண்டியின் பின்பகுதி மிகவும் தாழ்ந்திருந்தது. வேகத்தடையில் அது மெதுவாக ஏறியபோது, பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியே இருந்ததைக் கண்டேன். முன் கண்ணாடியின் துடைப்பான்களில் ஒன்றே இயங்கியது. அது துடைத்த இடத்தில் ஓட்டுநரை மட்டுமே கண்டேன். நான் கைகாட்டியும் வண்டி நிற்கவில்லை. ஓட்டுநர் கையால் ஒரு சைகை செய்தார்.'

காவலர்கள் போய்ப் பார்த்தபோது, எலிஹியோவின் வண்டி பின்புறம் நிமிர்ந்து நின்றது. செவ்வாயன்று தாழ்ந்திருந்த வண்டி புதனன்று நிமிர்ந்ததென்றால், பாரம் இறக்கப்பட்டுவிட்டது என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். டிக்கியை வண்டி ஓடுவதற்கான காஸ் சிலிண்டர் அடைத்திருந்தது. ஆகவே மணி பின்னிருக்கையில் போயிருக்க வேண்டும். "ஸ்பிரிங் மாத்தினேன்" என்றார் எலிஹியோ. எங்கே என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. அந்தச் சாலையின் பட்டறைக்காரர்கள் எல்லோரும் கையை விரித்தார்கள். வியாழனன்று அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீதிபதி தலையசைத்தால், விசாரணை முடியும்வரை மூன்று மாதம் சிறை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு என் வீட்டு வாசலில் இருவர் நின்றார்கள்.

முன்னால் நின்றவர் எனெய்தா போலாங்கோ. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் விபத்து வண்டிகளை மதிப்பிட்டவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். ஒரு நசுங்கலைப் பார்த்து, இடித்தது மரமா மைத்துனனா என்று சொல்லக்கூடியவர். அவருக்குப் பின்னால் வாசலை அடைத்து நின்றவர் அவருடைய உதவியாளர் சிப்ரியான். பேஸ்பால் நடுவராக இருந்தவர். இருநூற்று அறுபது பவுண்டு. ஓட்டுநர் சங்கம் அனுப்பியதாகச் சொன்னார்கள்.

"வாத்தியாரே, உங்க வாக்குமூலத்தைப் படிச்சேன். அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார் எனெய்தா.

"பாத்ததைப் பாத்தபடி எழுதினேன், தோன்யா" என்றேன். மூத்த பெண்களை நாங்கள் மரியாதையாக அப்படித்தான் அழைப்போம்.

"எழுத்தா அது! மூச்சு விடற இடத்துல எல்லாம் காற்புள்ளி போட்டிருக்கீங்க" என்றார் சிப்ரியான். "ஆனா ஒரு சந்தேகம். ரெண்டு விரல்னு எழுதியிருக்கீங்களே, யாரு விரல்? என் விரல் ரெண்டுன்னா உங்க கணக்குல நாலு." வாழைக்காய் போன்ற இரண்டு விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என் விரல்தான். வேற யாரு விரலை வெச்சு நான் அளக்க முடியும்?"

"அதைத்தான் கேக்க வந்தோம்." எனெய்தா பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, என் சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிடித்து அளந்தார். மூன்றரை சென்டிமீட்டர். குறித்துக்கொண்டார். "உங்ககிட்ட கார் இருக்குன்னு சொன்னாங்களே, எதுக்கு மழையில கோன்ச்சோவுக்கு நின்னீங்க?"

இந்தக் கேள்வி என் ஆறாத புண்ணைத் தொட்டது. "அதை ஏன் கேக்கறீங்க! நிக்கோமேதெஸ் பட்டறையில அஞ்சு மாசமாக் கிடக்கு. கியர் பெட்டிக்கு ஒரு சாமான் வரணுமாம். போன் பண்ணினா, 'கப்பல்ல வருது, வாத்தியாரே'ன்னு சொல்றான். கொலம்பஸே சீக்கிரம் வந்து சேர்ந்தான்."

சிப்ரியான் என்னை முதல் முறையாக மதிப்போடு பார்த்தார். "பரவாயில்லையே, உங்களுக்கும் கிண்டல் வருது."

"என்ன வண்டி?" என்றார் எனெய்தா.

"எண்பத்தேழாம் வருஷத்துச் செடான். எலிஹியோ வண்டியும் அதே ரகம்தான். அவரோடது வெள்ளை, என்னோடது நீலம்."

அவர் அளவு நாடாவைச் சட்டென்று சுருட்டினார். "கிளம்புங்க. உங்க காரைப் பாத்து அஞ்சு மாசம் ஆச்சே. பாசம் வேண்டாமா?"

தெருமுனையில் ஒரு கோன்ச்சோவை நிறுத்தினோம். முன்னால் இருவர், பின்னால் நால்வர் என்பது எங்கள் ஊர் வழக்கம். ஓட்டுநர் சிப்ரியானை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவரு ரெண்டு பேர்."

"தெரியும்பா. பொறந்ததுலேர்ந்து அப்படித்தான்" என்றார் சிப்ரியான், உள்ளே நுழைந்தபடியே.

நிக்கோமேதெஸின் பட்டறை ஒரு பாதாம் மரமும் நான்கு தகரமும்தான். நிக்கோ வண்டியொன்றின் அடியிலிருந்து வெளியே வந்தான். என்னைக் கண்டதும் மறுபடியும் அடியில் போக முயன்றான். அவன் என் பழைய மாணவன். அதை நாணம் என்று எண்ணிக்கொண்டேன்.

"நிக்கோ, எலிஹியோ வண்டியை நீ தொட்டியா?" என்று எனெய்தா கேட்டார்.

"போலீஸ்கிட்டயே சொல்லிட்டேன், தோன்யா. தொடவே இல்ல."

எனெய்தா மரத்தடியில் நின்ற என் நீலக் காரைச் சுற்றி நடந்தார். ஐந்து மாதத் தூசும் பாதாம் இலையும் அதன்மேல் போர்வையாகக் கிடந்தன. பராமரிப்பைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்ற நான் வாயெடுத்த நேரத்தில், சிப்ரியான் தலையைச் சாய்த்து அதன் பின்பகுதியைப் பார்த்தார்.

"ஏன் வாத்தியாரே, அஞ்சு மாசமா ஆளே ஏறாத வண்டிக்கு எதுக்கு இடுப்பு வலி?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். என் கார் முன்னால் நிமிர்ந்து, பின்னால் உட்கார்ந்துகிடந்தது. நான் விட்டுப்போனபோது அது அப்படி இருக்கவில்லை.

எனெய்தா குனிந்து முன் சக்கரத்தின் திருகுமரைகளைத் தடவினார், விரல் கறுத்தது. பின் சக்கரத்துக்குப் போய்த் தடவினார். விரல் சுத்தமாக வந்தது.

"நிக்கோ, இந்தச் சக்கரத்தைக் கழட்டு."

"ஜாக்கி ரிப்பேர், தோன்யா."

"நான் தூக்கிப் பிடிக்கவா? இல்ல, மேல உக்காந்துக்கவா? உனக்கு எது சௌகரியம்?" என்றார் சிப்ரியான்.

ஜாக்கி உடனே சரியாகிவிட்டது. சக்கரம் இறங்கியது. உள்ளே இருந்த சுருள்வில் துவண்டு, அதன் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வளையங்களுக்கு நடுவே லாரி டயரிலிருந்து வெட்டிய மூன்று ரப்பர்த் துண்டுகள் செருகப்பட்டிருந்தன. கோன்ச்சோக்காரர்கள் செய்யும் வேலை அது. என் கார் அத்தகைய அவமானத்தைக் கண்டதேயில்லை.

"இது என் ஸ்பிரிங் இல்ல!" என்று கத்தினேன்.

"இல்லதான்" என்றார் எனெய்தா. "எலிஹியோவோடது. உங்களோடது இப்ப போலீஸ் முற்றத்துல அவரு வண்டியை நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. என்ன நிக்கோ?"

நிக்கோ கைத்துணியால் முகத்தைத் துடைத்தான். முகம் இன்னும் கறுத்தது. "புதன் காலையில வந்தான், தோன்யா. ஒரு வருஷமா ரப்பரை வெச்சு ஒட்டிக்கிட்டு இருந்தான். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ரப்பர் வெச்சா நாலு நாளைக்கு நிமிரும், அப்புறம் மிச்ச வளையமும் சேர்ந்து படுத்துடும்னு. கேக்கல. முந்தின நாள் சாயங்காலம் பள்ளத்துல இறங்கினப்போ டயர் தகட்டுல உரசி, பின்னாடி உக்காந்திருந்த பொம்பளைக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சாம். அழுதுட்டான். 'சனங்க என்னை நம்பி ஏறுதுடா'ன்னான். புது ஜோடி தலைநகரத்துலேர்ந்து வர மூணு வாரம் ஆகும். வாத்தியார் காரு சும்மாத்தான நிக்குது..."

"சும்மா நிக்குதா! திருட்டு அது!"

"கடன், வாத்தியாரே! ஓடாத வண்டி ஓடற வண்டிக்குக் கடன் கொடுக்கும். எல்லாப் பட்டறையிலயும் நடக்கறதுதான். உங்க கியர் சாமான் வர்றதுக்குள்ள திருப்பி மாட்டியிருப்பேன்."

"இதைப் போலீஸ்ல சொல்லியிருந்தா எலிஹியோ வீட்டுல இருந்திருப்பானே?" என்றார் எனெய்தா.

நிக்கோ தரையைப் பார்த்தான். "சொல்லத்தான் போனேன். சாட்சி யாருன்னு கேட்டேன். வாத்தியார்னாங்க. அவரு காரைப் பிரிச்சேன்னு அவருக்கே தெரியற மாதிரி எப்படிச் சொல்றது? ஏழாம் வகுப்புல, பக்கத்துப் பையன் அளவுகோலைக் கேக்காம எடுத்தேன்னு ஒரு வாரம் வாசல்ல நிக்க வெச்சாரு, தோன்யா. ஒரு அளவுகோலுக்கே ஒரு வாரம்! எலிஹியோகிட்ட மாட்டும்போதே சத்தியம் வாங்கியிருந்தேன், என் பேரைச் சொல்லாதேன்னு."

என்னிடம் அச்சப்பட்டு ஒருவன் பொய் சொல்லியிருக்கிறான்; அந்தப் பொய்யைக் காக்க இன்னொருவர் சிறையில் இருக்கிறார். அந்த ஒரு வாரத் தண்டனை எனக்கு நினைவில்லை. அதுவே என்னை உறுத்தியது.

"விடுங்க. ஸ்பிரிங் கிடைச்சுதே, அது போதும்" என்றார் எனெய்தா. "சக்கரத்தை மாட்டு. டிக்கியில ஒரு காஸ் சிலிண்டரை ஏத்து. எலிஹியோ வண்டி எப்படி இருந்துச்சோ அப்படி. வாத்தியாரே, உங்க கையைக் கொண்டாங்க."

சிலிண்டர் மட்டும் இருந்தபோது, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே என் விரல்கள் ஆறு நுழைந்தன. எதிர்க் கடை எர்மிந்தாவிடம் மூன்று அரிசி மூட்டைகளை இரவல் கேட்டோம். மூட்டைக்கு ஒரு குவிண்டால். சிப்ரியானும் நிக்கோவும் அவற்றைத் தூக்கிவந்து பின்னிருக்கையில் வைத்தார்கள். கார் பெருமூச்சுவிட்டுத் தாழ்ந்தது.

"இதுதான் உங்க மணி. அதே மூணு குவிண்டால்" என்றார் எனெய்தா. "எத்தனை விரல்?"

நுழைத்துப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். "நாலு."

"அழுத்தாதீங்க."

"அழுத்தல. நாலு."

"எறக்குங்க மூட்டையை. சிப்ரியான், ஏறுங்க. நிக்கோ, நீயும். எர்மிந்தா, ஒரு நிமிஷம் வந்து உக்காருங்க."

"மூணு பேர்தானே இருக்கோம்?" என்றான் நிக்கோ.

"கோன்ச்சோ கணக்குல நாலு" என்றார் சிப்ரியான், உள்ளே தன்னைத் திணித்துக்கொண்டே. எர்மிந்தா சன்னலோடு ஒட்டிக்கொண்டார். "இவரு பக்கத்துல உக்காந்தா எனக்குக் கல்யாணம் ஆன மாதிரியே இருக்கு, மூச்சு முட்டுது" என்றார்.

காரின் பின்பகுதி பூமியை நோக்கி இறங்கியது. முழங்காலிட்டேன். என் இரண்டு விரல்கள் இறுக்கமாக நுழைந்தன. மூன்றாவது விரல் நுழையவில்லை. எனெய்தா நாடாவை வைத்தார்: மூன்றரை சென்டிமீட்டர்.

"மணி கனம்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார் அவர். "நாலு பயணிங்க மணியை விட ரெண்டு பங்கு கனம்னு யாருக்கும் தோணல. உங்க விரல் சரியாத்தான் சொல்லியிருக்கு, வாத்தியாரே. அந்த வண்டியில மணி இல்ல. ஆளுங்க இருந்தாங்க."

ஒரு கணம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. என் அளவு ஒருவரைக் காப்பாற்றிவிட்டது! முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

"இன்னொண்ணு" என்றார் எனெய்தா. "'ஒரு சைகை'ன்னு எழுதியிருக்கீங்களே. இவ்வளவு துல்லியமா எல்லாத்தையும் எழுதறவரு அதை மட்டும் ஏன் அப்படி விட்டீங்க? என்ன சைகை? செஞ்சு காட்டுங்க."

பாதாம் மரத்தில் ஏதோ பறவை கத்தியது. நான் வலக்கையை உயர்த்தினேன். ஐந்து விரல்களின் நுனிகளையும் ஒன்றாகக் குவித்தேன், விரித்தேன், மறுபடியும் குவித்தேன்.

பின்னிருக்கையிலிருந்து எர்மிந்தா சிரித்தார். "அட, வண்டி ரொம்பிடுச்சுங்கறான்! இடமில்லன்னு சொல்லியிருக்கான் பாவம்."

வேறு யாரும் சிரிக்கவில்லை. சிப்ரியான்கூடச் சிரிக்கவில்லை.

"அதுக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியாதா?" என்றார் எனெய்தா. குரலை உயர்த்தவேயில்லை.

"தெரியும்."

"அன்னைக்கும் தெரியுமா?"

"அன்னைக்கும் தெரியும்."

"ஏன் எழுதல?"

யாரும் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மாணவர்கள் அப்படிச் சொன்னபோதெல்லாம் நான் ஏற்றுக்கொண்டதில்லை. உண்மை எளிமையானது: நான் நனைந்திருந்தேன், அவர் நனையவில்லை. எழுதும்போது பேனா அந்த இடத்துக்கு வந்தது, நின்றது, 'ஒரு சைகை' என்று எழுதிவிட்டு நகர்ந்தது. அது நின்றதை நான் உணர்ந்தேன். என் வாக்குமூலத்தில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. பொய் சொல்வதற்கு அதைவிடக் கேவலமான வழியை நான் அறியேன்.

"கோபம்" என்றேன்.

சிப்ரியான் காரிலிருந்து சிரமப்பட்டு இறங்கினார். "நடுவரா இருந்தப்போ நானும் ஒருத்தனை அப்படி அவுட் கொடுத்திருக்கேன்" என்றார்.

"இப்ப மாத்திச் சொன்னா உங்க மேலயே வழக்கு திரும்பலாம்" என்றார் எனெய்தா. "யோசிச்சுக்குங்க."

"யோசிக்க என்ன இருக்கு? நிக்கோ, கையைக் கழுவு. போகலாம்."

நாலரை மணிக்கு அரசு வழக்கறிஞரின் மேசைமுன் நின்றோம். இளம் வயதுப் பெண். நிக்கோ சுருள்வில்லைப் பற்றிச் சொன்னான். எனெய்தா அளவுகளைக் கொடுத்தார். நான் தாள் கேட்டு வாங்கி இரண்டாம் வாக்குமூலம் எழுதினேன்: 'அந்தச் சைகை வண்டி நிறைந்துவிட்டது என்பதைக் குறிக்கும். அதை நான் அப்போதே அறிந்திருந்தேன். அறிந்தே எழுதாமல் விட்டேன்.' இம்முறை ஓரிடத்தில் அடித்துத் திருத்த நேர்ந்தது.

அந்த வழக்கறிஞர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஐயா, மெக்கானிக் முதல்ல ஒண்ணு சொன்னாரு, இப்ப ஒண்ணு சொல்றாரு. நீங்களும் அப்படித்தான். அளவு நல்லாத்தான் இருக்கு. ஆனா அளந்ததும் அதே உங்க விரல்தானே? ஒரு தடவை மறைச்சவரு ரெண்டாவது தடவை மறைக்கலன்னு நீதிபதிகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? வண்டியில உக்காந்திருந்த ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. ஒருத்தர் போதும்."

கையெழுத்துக்காக எலிஹியோவை நடைவழியில் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் தாடி; கையில் விலங்கு. நிக்கோவைப் பார்த்ததும் பல்லைக் கடித்தார். "ஏன்டா சொன்னே? சொல்ல மாட்டேன்னுதானே இருந்தேன்?"

பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் என்ன வசைமொழி சொன்னாலும் தலைகுனிந்து கேட்டுக்கொள்வது என்று நான் தீர்மானித்திருந்தேன்.

"வாத்தியாரே, ஸ்பிரிங் உங்களோடதுன்னு எனக்கு அப்பவே தெரியும். கேக்காம மாட்டினது தப்புதான். வெளிய வந்ததும் கழட்டிக் குடுத்துடறேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அவரை அழைத்துப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை நீதிபதி முன்னுக்குப்பின் முரணான என் இரண்டு தாள்களையும் படித்துவிட்டு, வழக்கை ஒரு வாரம் தள்ளிவைத்தார். எலிஹியோ உள்ளேயே இருக்கிறார். மணி இன்னும் அகப்படவில்லை. அதைக் களவாடியவரை எனெய்தா தேடிக்கொண்டிருக்கிறார். நான் தேடுவது வேறு ஆட்களை.

அன்று ஏறியவர்களின் பெயர் எலிஹியோவுக்குத் தெரியாது; பெயர் சொல்ல முடியாத பயணிகளைக் காவலர்கள் நம்பவில்லை. கோன்ச்சோவில் யாரும் பெயர் கேட்பதில்லை. ஆனால் அவருக்கு நினைவிருக்கிறது: முன்னால் வெள்ளைக் காலணி அணிந்த செவிலி, அவர் அருகே சீருடையில் ஒரு மாணவி. பின்னால், பள்ளத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்ட பெண். சண்டைச் சேவலைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்திருந்த ஒருவர். கைகோத்தபடியே இறங்கிப்போன ஒரு தம்பதி. ஆறு பேர். பேட்டை முழுக்க இச்செய்தி தெரியும். ஆறு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் கோபத்தால் மறைத்தேன். நீங்கள் எதனால் மறைக்கிறீர்கள்? வேலைக்கு விடுப்புக் கிடைக்காது என்றா? நீதிமன்றம் நமக்கெதற்கு என்றா? இதைப் படிக்கும் நீங்கள் அந்த அறுவரில் ஒருவராக இருந்தால், அக்டோபர் 23, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு முன் நீதிமன்ற வாசலுக்கு வாருங்கள். சேவலோடு வந்தாலும் சரி. வந்து, 'அந்த வண்டியில் நான் இருந்தேன்' என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். வாசலில் நான் நிற்பேன். என் முகத்தைப் பார்க்க விருப்பமில்லையென்றால் பார்க்க வேண்டாம். வந்துவிடுங்கள்.